அரசாங்கச் சுவரொட்டியை வரைபவர் யார்?



தோட்டத்து மருந்தகத்தில் டிரெசரைப் பார்ப்பதற்காக வரிசையில் அமர்ந்திருக்கும்போது எதிர்ச்சுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு படம் ஒட்டியிருக்கும். பெரிதாக ஒரு கொசு, கவிழ்த்து வைத்த வாளி, மூடி போட்ட தண்ணீர்த் தொட்டி, கீழே நான்கைந்து வரிகள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் மறுநாள் காலையில் ஆயா கொட்டகைக்குப் பின்னால் கிடந்த பழைய டயரில் தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்டால், யாரும் சொல்லாமலேயே அதைக் கவிழ்த்துக் கொட்டுகிறோம். அந்தப் படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள்.

அந்தப் படத்தை யார் போட்டார்? அச்சுக்கூடத்தார் போட்டிருப்பார்கள் என்று பலர் நினைக்கிறோம். அச்சுக்கூடம் அச்சடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கொசு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்தச் சொல் முதலில் கண்ணில் பட வேண்டும், சிவப்பை எங்கே வைப்பது, எதை எழுதாமல் விடுவது என்றெல்லாம் முடிவு செய்தவர் வேறொருவர். அவர் ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தின் மூலையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்குகிறவர். தமிழில் அவரை வரைகலைஞர் என்கிறோம். மலாயில் அரசாங்கப் பதவிப் பட்டியலில் அவருக்குப் 'பெரேக்கா' என்று பெயர். அவருடைய தொழிலைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வரைகலைஞர் என்றால் ஓவியர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நன்றாகப் படம் வரையும் பிள்ளையைக் கண்டால், "இவனுக்குக் கை நன்றாக வருகிறது" என்று மெச்சிவிட்டு, அடுத்த மூச்சிலேயே, "படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று கேட்டும் விடுகிறோம். ஓவியர் தம் மனத்தில் தோன்றியதைத் தீட்டுகிறார். பார்ப்பவருக்குப் புரியாவிட்டாலும் அது ஓவியந்தான். வரைகலைஞருக்கு அந்தச் சலுகை இல்லை. பிறர் சொல்ல வேண்டிய ஒரு செய்தியை, பிறர் கண்ணில் படுமாறும், பட்டது விளங்குமாறும் அமைத்துக் கொடுப்பது அவர் வேலை. பார்ப்பவருக்குப் புரியாவிட்டால் அவர் தோற்றுவிட்டார். இதனால்தான் இத்தொழிலில் சிறந்தவர்கள் எல்லாரும் பெரிய ஓவியர்களாக இருப்பதில்லை. எழுத்தையும் வெற்றிடத்தையும் அளவையும் சரியாக வைக்கத் தெரிந்த பலருக்கு ஒரு குதிரையைக்கூட ஒழுங்காக வரையத் தெரியாது.

அரசாங்கச் சம்பளத்தில் வரைபலகைக்கு முன் அமர்ந்திருந்த ஒருவர் செய்த வேலையை நாமெல்லாம் நாள்தோறும் பார்க்கிறோம். பள்ளிக்கூடத் திடலில் ஏறுகிற நம் நாட்டுக் கொடியைத்தான் சொல்கிறோம். மலாயாக் கூட்டரசுக்கு ஒரு கொடி வேண்டும் என்று போட்டி வைத்தபோது 373 வடிவங்கள் வந்தன. அவற்றுள் மூன்றைத் தேர்ந்தெடுத்து, 1949-ஆம் ஆண்டின் இறுதியில் நாளேட்டின் வழியாகப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். மக்கள் விரும்பியது முகமது ஹம்சா என்பவருடைய வடிவம். அவர் ஜொகூர் பாருவில் பொதுப்பணி இலாகாவில் வேலை பார்த்தவர். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற உத்தியோகம். அவர் வரைந்த நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகளே இருந்தன. பின்னர் பதினொரு மாநிலங்களைக் குறிக்கும் வகையில் அதைப் பதினொரு முனையாக்கினார்கள். 1950-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் சிலாங்கூர் சுல்தானின் மாளிகை முன் அக்கொடி முதன்முதலாக ஏறியது. 1963-இல் மலேசியா அமைந்தபோது கோடுகளும் முனைகளும் பதினான்காயின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் போட்ட வடிவம் அப்படியே ஏற்கப்படவில்லை. மேலிடத்தார் பார்த்தார்கள், திருத்தினார்கள், அதன் பிறகே ஒப்புதல் கிடைத்தது. அன்று கொடிக்கு நேர்ந்தது இன்று சாதாரணத் துண்டறிக்கைக்கும் நேர்கிறது. அரசாங்க வரைகலைஞரின் வேலையில் பாதி வரைவது, மறுபாதி திருத்துவது. அதைத் தாங்கிக்கொள்ள முடியாதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது.

கொடியைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நாளேட்டின் முதல் பக்கத்தில் பிறை இல்லாத கொடி அச்சாகிவிட்டது. ஆசிரியர்கள் இருவரைக் காவல் துறையினர் கைது செய்து விசாரித்தார்கள். அதே மாதம் அரசாங்க அறிக்கை ஒன்றிலும் கொடியின் படம் தவறாக வந்து, அந்த அறிக்கையைப் பற்றியும் நாடெங்கும் பேச்சாயிற்று. ஒரு சின்னஞ்சிறு பிறை!  ஆகவே இது மேசை நாற்காலியில் அமர்ந்து செய்கிற சுகமான வேலை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம்.

இனி, கிள்ளானுக்கு வருவோம். ஊராட்சி அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் வரைகலைஞருக்கு ஒருநாள் எப்படிக் கழிகிறது?

காலை எட்டு மணிக்கு அவர் மேசைக்கு வரும்போதே இரண்டு மூன்று குறிப்புகள் காத்திருக்கும். சுகாதாரப் பிரிவுக்கு டிங்கிக் காய்ச்சலைப் பற்றிய துண்டறிக்கை வேண்டும். வரிப் பிரிவுக்கு, மதிப்பீட்டு வரியைப் பிப்ரவரி முடிவிற்குள்ளும் ஆகஸ்டு முடிவிற்குள்ளும் கட்டச்சொல்லும் பதாகை வேண்டும். குப்பை லாரியின் கதவில் ஒட்டுவதற்கு ஒரு சின்னம் வேண்டும். இவற்றைத் தொடங்கும் முன்பே தொலைபேசி மணி அடிக்கும். நாளைக் காலையில் ஒரு நிகழ்ச்சி. தலைமை தாங்க வருபவர் இன்றுதான் உறுதி செய்தார். மேடையின் பின்திரை இன்று மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். கையிலிருந்த டிங்கி ஓரத்திற்குப் போய்விடும். பின்திரை முன்னே வந்துவிடும்.

இதில் நமக்கு ஒரு குறை உண்டு. சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிங்கித் துண்டறிக்கை ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடியது. பின்திரையோ இரண்டு மணி நேரத்தில் சுருட்டி வைக்கப்படுவது. ஆனாலும் எங்கும் பின்திரைக்கே அவசரம். அதிலும் பெரியவர்களின் படங்கள் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ள, நிகழ்ச்சியின் பெயர் மூலையில் ஒடுங்கிக் கிடப்பதை நாம் பார்க்கிறோம். வரைகலைஞருக்கு இது தெரியாமல் இல்லை. எந்தச் சின்னம் எந்தச் சின்னத்திற்கு இடப்பக்கம் வர வேண்டும், யாருடைய படம் யாருடையதைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது என்பதற்கெல்லாம் அலுவலகங்களில் மரபுகள் உண்டு. அந்த வேலிகளுக்குள் நின்றுதான் அவர் செய்தியையும் காப்பாற்ற வேண்டும்.

சில சமயம் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் கிள்ளான் நகராண்மைக் கழகம், கிள்ளான் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. நமக்கு அது பெருமை. வரைகலைஞருக்கோ அது மலைபோன்ற வேலை. ஒரு மன்றத்தின் பெயர் மாறினால் எதெதில் மாற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கடிதத்தாள், உறை, ரசீது, அபராதச் சீட்டு, ஊழியரின் அடையாள அட்டை, லாரிக் கதவு, பூங்கா வாயில், எல்லைப் பலகை, மண்டபத்தின் முகப்பு. ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. அடையாள அட்டையில் சுண்டுவிரல் நகமளவு இருக்கும் சின்னந்தான் கட்டடத்தின் உச்சியில் ஆள் உயரத்திற்கு நிற்கும். இரண்டிலும் அது ஒன்றுபோலத் தெரிய வேண்டும். நகமளவில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பிக்கொள்ளாதிருக்க வேண்டும். நல்ல சின்னத்திற்கு இதுவே முதல் சோதனை.

முற்காலத்தில் இப்படிப்பட்ட மாற்றங்களைத் தூரிகையால் செய்தார்கள். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-இல் மலாய் மொழிக்குப் புதிய எழுத்துக்கூட்டல் வந்தபோது எத்தனையோ பலகைகளை அழித்து எழுத வேண்டியதாயிற்று. நம் கிள்ளானின் பெயரையே ரோமன் எழுத்தில் ஒரு காலத்தில் ஓரெழுத்துக் கூட்டியும் பின்னர் குறைத்தும் எழுதினார்கள், வயதானவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது வரைகலைஞரின் மேசையில் இருந்தவை மைப்பேனா, அளவுகோல், ஒட்டும் எழுத்துத் தாள்கள், கத்தரி, பசை. எழுத்துகளைத் தனித்தனியாக அச்சடித்து, வெட்டி, அட்டையில் ஒட்டி, அதைப் புகைப்படம் பிடித்துத் தகடு செய்வார்கள். ஒரு வரி கோணலாகிவிட்டால் பிய்த்து மறுபடியும் ஒட்ட வேண்டும். 1980-களின் இறுதியிலிருந்து கணினி வந்து இவற்றையெல்லாம் விழுங்கிவிட்டது. வேலை எளிதாயிற்று என்று சொல்லலாம். ஆனால் முன்பு ஒரு வாரம் கொடுத்தவர்கள் இப்போது ஒரு மணி நேரந்தான் கொடுக்கிறார்கள்.

தொழிலின் நுட்பங்களில் ஒன்றிரண்டை மட்டும் சொல்கிறோம். ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து நன்றாகப் படிக்கலாம் என்பது பலகை எழுதுவோரின் பழைய கணக்கு. ஐம்பதடிக்கு அப்பால் மோட்டாரில் வருபவர் படிக்க வேண்டுமானால் ஐந்தங்குல எழுத்து வேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து நீண்ட வாக்கியத்தைப் படிக்க நேரம் இராது. ஆகவே சொற்களைக் குறைத்தாக வேண்டும். அடுத்தது நிறம். திரையில் தெரிகிற நிறம் ஒளியால் ஆனது. தாளில் விழுகிற நிறம் மையால் ஆனது. நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளை நுண்ணிய புள்ளிகளாகப் பதித்துத்தான் எல்லா நிறங்களையும் அச்சில் கொண்டு வருகிறார்கள். திரையில் பளிச்சென்று ஒளிவிட்ட பச்சை, தாளில் வாடிய கீரையைப்போல் வந்துவிடும். இதை அறியாதவர் அச்சுக்கூடத்தாரோடு சண்டை போடுவார். அறிந்தவர் முன்கூட்டியே மாதிரித்தாள் கேட்டு வாங்குவார்.

இனி நம் தமிழுக்கு வருவோம். இதில் சற்று நிற்க வேண்டும்.

ஒருமுறை எங்கள் கைக்கு ஒரு துண்டறிக்கை வந்தது. எந்த அலுவலகத்தினுடையது என்று சொல்லப் போவதில்லை. மலாய் இருந்தது, ஆங்கிலம் இருந்தது, சீனம் இருந்தது; தமிழும் இருந்தது. மகிழ்ச்சியோடு படிக்கத் தொடங்கினோம். 'கொசு' என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'செய்யுங்கள்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், சகரம் ஒரு பக்கம். மெய்யெழுத்துகளின் புள்ளிகள் நகர்ந்து அடுத்த எழுத்தின்மேல் ஏறியிருந்தன. எங்களோடு இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "நமக்குத்தான் கண் போச்சு போல" என்றார். அவர் கண்ணில் குறையில்லை.

இது ஏன் நேர்கிறது? கொம்பு எழுத்துக்கு முன்னால் எழுதப்படுவது. ஆனால் நாம் ஒலிக்கும்போது மெய் முதலிலும் உயிர் பின்னாலும் வருகின்றன. கணினியும் அந்த ஒலி வரிசையிலேயே எழுத்துகளைச் சேமித்து வைக்கிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னே தூக்கிவைக்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். வரைகலைஞர்கள் பயன்படுத்தும் மென்பொருள்கள் சிலவற்றில், இந்திய மொழிகளுக்கு உரிய அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் அது நடக்கும். தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகள் சேமித்த வரிசையிலேயே சிதறி நிற்கும். தமிழ் தெரியாத வரைகலைஞருக்கு அது சிதறலாகத் தெரியாது. அவருக்கு நம் எழுத்து அழகான கோலம். கோலத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் அவர் எப்படி அறிவார்? ஆகவே அவரை மட்டும் நொந்து பயனில்லை. அச்சுக்குப் போகுமுன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர், கணினியிலன்று, மாதிரித்தாளிலேயே பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவர் இல்லாத அலுவலகத்தில்தான் இந்தத் தவறு மீண்டும் மீண்டும் நேர்கிறது.

இத்தனைக்கும் கணினியில் தமிழை ஏற்றுவதில் இந்நாடு பின்தங்கியதன்று. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கணினிகளோடு வருகிற இணைமதி என்னும் தமிழ் எழுத்துருவும் அவர் வடித்ததே. எழுத்துரு வடிப்பதும் வரைகலையின் ஒரு பிரிவு என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். இந்தியாவில் 2010-ஆம் ஆண்டு ஜூலை 15-இல் ரூபாய்க்கு ஒரு சின்னத்தை அரசாங்கம் ஏற்றது. பொதுப் போட்டியில் வென்று அதை அளித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் தர்மலிங்கம். அவர் மும்பாய்த் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதும் தமிழ் எழுத்து வடிவமே. நாள்தோறும் கோடிக்கணக்கான கைகள் எழுதும் குறி அது.

தமிழைப் பலகையில் ஏற்றுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மலாயில் 'அவாஸ்' என்று நான்கே ரோமன் எழுத்தில் முடிவது, தமிழில் 'எச்சரிக்கை' என்று ஆறெழுத்தாக நீள்கிறது. மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் வரிக்கு வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். மலாய்க்கு அளந்த கட்டத்திற்குள் தமிழைத் திணித்தால் எழுத்து எறும்பளவு ஆகிவிடும். நல்ல வரைகலைஞர், மிக நீளமாக வரும் மொழியை முதலில் வைத்துக் கட்டத்தை அளப்பார். அல்லது 'கவனம்' போன்ற சிறிய சொல் பொருந்துமா என்று மொழி தெரிந்தவரைக் கேட்பார்.

இவ்வளவும் எழுத்தைப் பற்றி. படிக்கத் தெரியாதவருக்கு என்ன செய்வது? இங்கேதான் நம் தோட்டத்து வாழ்க்கையோடு இத்தொழில் நேராக வந்து முட்டுகிறது.

நாங்கள் சிறுவர்களாய் இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். களைக்கொல்லி மருந்து வந்த காலி டின் ஒன்றைக் கழுவி, அதில் மழைநீர் பிடித்து வைத்திருந்தார். "ஏன் பாட்டி இதில்?" என்று கேட்டோம். "நல்ல டின்னுடா. மூடி எவ்வளவு இறுக்கமா இருக்கு பார்" என்றார். டின்னின் பக்கத்தில் மண்டை ஓடும் குறுக்கு எலும்புகளும் இருந்தன. அதைக் காட்டினோம். "அது புல்லுக்குச் சாவுன்னு போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டார். படத்தை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தார், வேறு பொருள் கொண்டார். அந்த டின்னை எங்கள் தாயார் பிடுங்கி எறிந்தபோது பாட்டி இரண்டு நாள் பேசவில்லை.

களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வரும் கலத்தில் ஒட்டியிருக்கும் சீட்டு, கம்பெனிக்காரர் தம் விருப்பப்படி வரைவது அன்று. மலேசியாவில் 1974-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் அதன்கீழ் வந்த விதிகளும் அதற்கு வடிவம் வகுத்திருக்கின்றன. நச்சின் கடுமைக்கு ஏற்பச் சீட்டில் நிறப்பட்டை வர வேண்டும். கறுப்பு மிகக் கொடியது, அடுத்தது சிவப்பு, பிறகு மஞ்சள், நீலம், வெள்ளை. மலாயோடு தமிழிலும் எச்சரிக்கை வருவதை உங்கள் தோட்டத்து ஸ்டோரில் நீங்களே பார்க்கலாம். ஆக, அந்தச் சீட்டின் உண்மையான வரைகலைஞர் அரசாங்கந்தான்.

ஆனால் நிறத்திற்கு உலகெங்கும் ஒரே பொருள் இல்லை. இந்தியாவில் மிகக் கொடிய நஞ்சுக்குச் சிவப்பு முக்கோணம். பிறகு மஞ்சள், நீலம், பச்சை. இந்தியாவிலிருந்து நம் செம்பனைத் தோட்டத்துக்கு வந்த ஒரு தொழிலாளி, சிவப்பைவிடக் கொடியது இல்லையென்று எண்ணிக் கறுப்புப் பட்டையைச் சாதாரணமாக நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. படங்களிலும் இதே தொல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1980-களின் இறுதியில், கையுறை, முகமூடி, கை கழுவுதல், பூட்டி வைத்தல் போன்றவற்றுக்குச் சிறு படங்களை வகுத்துக் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவில் பண்ணைத் தொழிலாளர்களிடம் இத்தகைய படங்களைக் காட்டிக் கேட்டபோது பலர் தவறான பொருளையே சொன்னார்கள். எங்கள் பாட்டி தனியாள் இல்லை.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை உங்களில் மருந்தடித்த தாய்மார்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அது இயல்பில் கறுத்த பழுப்பு நிறம். பானப் புட்டிகளில் ஊற்றி வைத்ததைக் குளிர்பானம் என்று எண்ணிக் குடித்து, உலகில் பல நாடுகளில் பலர் மாண்டார்கள். அதனால் அதில் நீலச் சாயமும், மூக்கைத் துளைக்கும் நாற்றமும், வாந்தி வரச் செய்யும் பொருளும் சேர்த்தார்கள். இதுவும் ஒருவகையில் வரைகலையே. சீட்டு கிழிந்துபோகும்; மழையில் ஊறி உரிந்துபோகும்; புட்டி மாறிப்போகும். ஆனால் நீலம் மருந்தோடு கூடவே போகும். 2002-ஆம் ஆண்டில் தெனாகானித்தா அமைப்பு, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம் கெட்டிருப்பதைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டைத் தடுக்க முனைந்து, 2006-இல் தளர்த்தி, இறுதியில் 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடை செய்தது. நல்ல சீட்டு நஞ்சை நஞ்சில்லாமல் செய்துவிடாது என்பதை வரைகலைஞரும் உணர்ந்திருக்க வேண்டும்.

சரி, படம் புரிகிறதா இல்லையா என்பதை எப்படி அறிவது? ஒரே வழிதான். அச்சடிக்குமுன் அதை யாருக்காக வரைந்தோமோ அவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். "புரிகிறதா?" என்று கேட்கக் கூடாது. நம்மவர்கள் மரியாதைக்குப் "புரிகிறது ஐயா" என்றுதான் சொல்வார்கள். "இதில் என்ன சொல்லியிருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள் அம்மா" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பத்துப் பேரிடம் கேட்டுவிடலாம். இந்த அரை மணி நேரத்தை ஒதுக்கும் அலுவலகங்கள் குறைவு என்பதுதான் வருத்தம்.

மேலிடம் வேண்டாம் என்றதை மக்கள் ஏற்றதும் உண்டு. இலண்டன் மாநகரின் சுரங்க ரயிலில் வரைபடக்காரராய் வேலை பார்த்தவர் ஹாரி பெக். 1931-இல் அவர் ரயில் பாதைகளையெல்லாம், மின்சாரச் சுற்றுப் படம்போல, நேர்கோடுகளாகவும் சாய்கோடுகளாகவும் போட்டார். ஊர்களுக்கிடையே உள்ள உண்மைத் தூரத்தை அவர் பொருட்படுத்தவில்லை. அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள். பிறகு சில பிரதிகளை அடித்துப் பயணிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1933-இல் அது பெரும் எண்ணிக்கையில் வெளிவந்தது. இன்று கிள்ளான் நிலையத்தில் கொமுட்டர் ரயிலுக்கு நிற்கும்போது சுவரில் காணும் வண்ணக்கோட்டு வரைபடம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இந்த உத்தியோகத்துக்கு எப்படிச் சேர்வது என்று பெற்றோர்கள் கேட்பீர்கள். கூட்டரசு இலாகாக்களுக்குப் பொதுச் சேவை ஆணையம் ஆள் எடுக்கிறது; ஊராட்சி மன்றங்கள் தாமே விளம்பரம் செய்து எடுக்கின்றன. ஆகவே இரண்டையும் கவனித்து வர வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் சிறப்புத் தேர்ச்சி இல்லாமல் நிலையான அரசாங்க வேலையை நினைக்க முடியாது. படம் நன்றாக வரைகிறான் என்று மலாய்ப் பாடத்தைக் கைவிட்ட பிள்ளைகள் பின்னால் வருந்துவதைக் காண்கிறோம். காட்சிக் கலைப் பாடத்தை எஸ்.பி.எம்.-இல் எடுக்கலாம். அதற்கு மேல் மலேசியத் திறன் சான்றிதழ் வழியும் உண்டு, டிப்ளோமா வழியும் உண்டு; பல்கலைக்கழகத்தில் பட்டமும் படிக்கலாம். அரசாங்கப் பதவி வரிசையில் இவ்வேலை 'திறமையும் கலையும்' என்ற பிரிவில் வருகிறது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் புதிய சம்பளத் திட்டம் நடைமுறைக்கு வந்ததால் பழைய படிநிலை எண்கள் மாறிவிட்டன. உறவினர் சொன்ன பழைய எண்ணை வைத்துக்கொண்டு தேடாமல், அவ்வப்போது வரும் விளம்பரத்தையே பாருங்கள்.

தனியார் விளம்பரக் கம்பெனியில் சம்பளம் சில சமயம் கூடுதலாக இருக்கும்; இரவு பத்து மணிக்கும் விளக்கு எரியும். அரசாங்கத்தில் சனி ஞாயிறு ஓய்வு உண்டு. மருத்துவ வசதி உண்டு. உயர்வு மெதுவாக வரும். மேலே போகப் போக வரைவது குறைந்து கூட்டங்கள் மிகும். வரைவதிலேயே ஆசை உள்ளவருக்கு அது ஒரு துன்பந்தான்.

நேர்காணலுக்குச் செல்பவர் தம் வேலைகளின் தொகுப்பு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். கணினி வாங்க வசதியில்லை, எதை வைத்துத் தொகுப்புச் செய்வது என்று பிள்ளைகள் கேட்கலாம். உங்கள் தோட்டத்திலேயே பொருள் கிடக்கிறது. ஆபீஸ் பலகையில் தட்டெழுத்தில் ஒட்டியிருக்கும் ஓர் அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பெரட்டு நேர மாற்றமாக இருக்கலாம். தண்ணீர் நிறுத்தப்படும் நாளாக இருக்கலாம். அதை மணிலா கார்டில் பெரிய எழுத்தில், நான்கு சொற்களில், ஒரு படத்தோடு மாற்றி எழுதிப் பாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் ஆயாவிடம் காட்டி, அவர் என்ன சொன்னார் என்பதையும் கீழே எழுதி வையுங்கள். அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதிவிட்டு, இரண்டாவது முறை வரைந்ததை அதற்கடுத்த தாளில் வையுங்கள்.